பிங் போகிறது, பிரிண்ட் போகவில்லை

ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு நெட் கனெக்‌ஷனைப் பகிர்ந்துகொள்வது ஈரோடு கடைவீதிப் பக்கம் சாதாரணமாக நடப்பதுதான். கீழே ஜவுளி மொத்தக் கடை, மாடியில் ஆடிட்டர் ஆபீஸ், தெருவுக்கு அந்தப் பக்கம் கடைக்காரரின் குடோன். ஃபைபர் கனெக்‌ஷன் கடை பெயரில் இருக்கும், மாதக் கட்டணத்தில் பாதியை ஆடிட்டர் கொடுத்துவிடுவார். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடவும் வாட்ஸ்அப் ஓடவும் இது போதும். கடையில் இருந்துகொண்டே மாடியில் உள்ள பெரிய ஜெராக்ஸ் மெஷினில் பிரிண்ட் எடுக்க வேண்டும், குடோன் கேமராவைக் கல்லாவில் உட்கார்ந்தபடி பார்க்க வேண்டும் என்று ஆசை வரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கும். அப்படி ஒரு இடத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

முதலில் அங்கே என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். கடையில் நெட்காரர்கள் வைத்துப்போன ரவுட்டர், அதன் அட்ரஸ் 192.168.1.1. கடையின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் 192.168.1 வரிசையில். அந்த ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து, அதாவது உள் நெட்வொர்க் பக்கத்திலிருந்து, ஒரு கேபிள் மாடிக்குப் போய், ஆடிட்டரின் சொந்த ரவுட்டரின் வேன் (WAN) போர்ட்டில், அதாவது இன்டர்நெட் வந்து நுழையும் வெளிப்பக்கத்தில், செருகியிருந்தது. இன்னொரு கேபிள் மொட்டை மாடியில் உள்ள வயர்லெஸ் ரேடியோவுக்கு. அதன் ஜோடி குடோன் கூரையில். அங்கிருந்து குடோன் ரவுட்டரின் வேன் போர்ட்டுக்கு. மாடி ரவுட்டரும் குடோன் ரவுட்டரும் கடையில் வாங்கி அப்படியே மாட்டியவை. இரண்டுக்கும் உள்ளே 192.168.0.0/24, அதாவது 192.168.0-இல் தொடங்கும் வரிசை.

ஒரே நம்பர் வரிசை இரண்டு இடத்தில் இருந்தும் அதுவரை யாருக்கும் தொந்தரவு இல்லை. காரணம் நாட் (NAT), அதாவது அட்ரஸை மாற்றிக் காட்டும் வேலை. மாடி ரவுட்டர் தன் உள்ளே இருக்கும் எல்லோரையும் மறைத்து, வெளியே 192.168.1.2 என்ற ஒரே முகத்தைக் காட்டும். குடோன் ரவுட்டரும் அப்படியே, 192.168.1.3 ஆக. இதனால் மாடியிலிருந்து கடை கம்ப்யூட்டரின் டேலி ஃபோல்டரைத் திறக்க முடிந்தது. கடையிலிருந்து மாடிக்குத்தான் எதுவும் போகவில்லை. ஒரு பக்கம் வேலை செய்து எதிர்ப்பக்கம் செய்யவில்லை என்றால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் நடுவில் நாட் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் மெஷின் மட்டும்தான் தேவை என்றால், எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி என்று ரவுட்டருக்குச் சொல்லும் ரூட்டிங் பக்கமே போயிருக்கக் கூடாது. மாடி ரவுட்டரில் 9100 என்ற பிரிண்ட்டுக்கான போர்ட் எண்ணுக்கு வருவதை மெஷினுக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் குடோனில் கேமரா ரெக்கார்டர், இரண்டு பில்லிங் கம்ப்யூட்டர், ஒரு பார்கோடு பிரிண்டர் என்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் போர்ட் ஃபார்வர்ட் எழுதினால் ஆறு மாதம் கழித்து எது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அதனால் நாட்டை எடுத்துவிட்டு, நெட்வொர்க்குகளை நேராகவே பேச வைக்கலாம் என்று முடிவு செய்தோம்.

முதல் வேலை நம்பர் மாற்றுவது. ஒரே வரிசை இரண்டு இடத்தில் இருந்தால் எந்த ரூட்டும் வேலை செய்யாது. 192.168.0.50 என்றால் மாடியா குடோனா என்று ரவுட்டர் யாரைக் கேட்கும்? மாடிக்கு 192.168.20.0/24, குடோனுக்கு 192.168.30.0/24 கொடுத்தோம். தனியார் உபயோகத்துக்கென 1996-இல் ஒதுக்கப்பட்ட வரிசைகளில் 192.168 மட்டும் இல்லை, 10-இல் தொடங்குவது முழுவதும், 172.16 முதல் 172.31 வரையிலும் இருக்கின்றன. அத்தனை இடம் இருந்தும் ஏன் எல்லோரும் 192.168.0, 192.168.1 இரண்டிலேயே நெருக்கியடித்து உட்காருகிறார்கள் என்றால், பெட்டியைத் திறந்ததும் அதுதான் வருகிறது. புதிதாகப் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் தொடாமல் இருந்தாலே பாதி வம்பு குறையும். ஆடிட்டர் வீட்டிலிருந்து விபிஎன் போட்டு, இன்டர்நெட் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வர விரும்பினாலும் இதே சிக்கல்தான், வீட்டு ரவுட்டரும் 192.168.0 அல்லது 1-இல் தான் இருக்கும்.

அடுத்து நாட்டை அணைப்பது. மாடியில் இருந்த ரவுட்டரில் அதற்கு வழியே இல்லை. சில மாடல்களில் இருக்கும், பலவற்றில் இருக்காது. எனவே மாடிக்கு ஒரு சின்ன மைக்ரோடிக் ரவுட்டர் வாங்கினோம். நாட்டை அணைப்பதற்கு முன்பே கடை ரவுட்டரில் ஸ்டாட்டிக் ரூட்டை, அதாவது இந்த நெட்வொர்க்குக்கு இந்த வழி என்று கையால் சொல்லும் வரியை, எழுதிவிட வேண்டும்: 192.168.20.0, மாஸ்க் (அட்ரஸில் எதுவரை நெட்வொர்க் என்று சொல்வது) 255.255.255.0, கேட்வே (அடுத்துக் கொடுக்க வேண்டிய ரவுட்டர்) 192.168.1.2. இந்த இரண்டையும் முன்பின்னாகச் செய்தால் மாடியில் நெட்டே நின்றுவிடும். மாடியிலிருந்து 192.168.20.15 என்ற சொந்த முகத்தோடு பாக்கெட் (டேட்டாவின் ஒரு துண்டு) வெளியே போகும். பதில் வரும்போது கடை ரவுட்டருக்கு அந்த நம்பர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. இன்னொரு விஷயமும் உண்டு. நெட்காரர்கள் கொடுக்கும் சில பெட்டிகள் தன் சொந்த லேன் வரிசைக்கு மட்டும்தான் இன்டர்நெட் பக்கம் நாட் செய்யும், வேறு சப்நெட்டிலிருந்து, அதாவது வேறு நம்பர் வரிசையிலிருந்து, வந்தால் அப்படியே விட்டுவிடும். அந்த மாதிரிப் பெட்டி அமைந்தால் ஸ்டாட்டிக் ரூட் எழுதியும் பயன் இருக்காது. இங்கே இருந்த பெட்டி நல்லவேளையாக எல்லாவற்றுக்கும் செய்தது.

ரூட்டை எழுதிச் சேமித்தாயிற்று. கடை கம்ப்யூட்டரிலிருந்து மாடிக்கு பிங், அதாவது "இருக்கிறாயா?" என்ற சின்னக் கேள்வி, போட்டால் பதில் இல்லை. பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டுப் பார்த்தேன். முதல் வரி 192.168.1.1, சரி. இரண்டாவது வரியில் 192.168.1.2 வந்திருக்க வேண்டும். வந்ததோ 100-இல் தொடங்கும் ஒரு அட்ரஸ். 100.64 முதல் 100.127 வரையிலான வரிசை, நெட் கம்பெனிகள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது அட்ரஸுக்குப் பின்னால் வைத்துக்கொள்வதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டது. அது தெரிந்தால் பாக்கெட் கட்டடத்தை விட்டே வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அதாவது ரவுட்டர் நாம் எழுதிய ரூட்டைப் பார்க்கவே இல்லை, தெரியாத அட்ரஸ் என்று டீஃபால்ட் வழியில் தள்ளிவிட்டது.

எழுதிய ரூட் வேறு, நடப்பில் இருக்கும் ரூட் வேறு. பல ரவுட்டர்களில் ஸ்டாட்டிக் ரூட் எழுதும் பக்கம் ஒன்று, ரூட்டிங் டேபிளைக் காட்டும் பக்கம் இன்னொன்று. இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும். அங்கே நம் ரூட் இல்லை. எழுதும் பக்கத்தில் இன்டர்ஃபேஸ் என்று ஒரு கட்டம், அதில் தானாகவே வேன் என்று தேர்ந்திருந்தது. 192.168.1.2 இருப்பதோ லேன் பக்கம். கேட்வே எந்தப் பக்கம் நேரடியாக எட்டுகிறதோ அந்தப் பக்கத்தைச் சொல்லாவிட்டால் ரூட் உயிர் பெறாது. லேன் என்று மாற்றியதும் டேபிளில் வந்தது. மைக்ரோடிக்கில் இதைப் பார்ப்பது சுலபம், ரூட்டுக்கு முன்னால் A என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது நடப்பில் இருக்கிறது. லினக்ஸில் ஐபி ரூட் கெட் (ip route get) என்று சொல்லி, போக வேண்டிய அட்ரஸைக் கொடுத்தால் எந்த வழியாக அனுப்பப் போகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். டேபிளைக் கண்ணால் படித்து நாமாக ஊகிப்பதைவிட அது மேல்.

இப்போது ட்ரேஸ்ரூட்டில் 192.168.1.1, 192.168.1.2 என்று வரிசையாக வந்து, அதற்குப் பிறகு நட்சத்திரம் நட்சத்திரமாக வந்தது. மாடியில் உள்ள ஒரு கம்ப்யூட்டருக்கும் அதே, ஜெராக்ஸ் மெஷினுக்கும் அதே. கம்ப்யூட்டரின் கதை விண்டோஸ் ஃபயர்வால், அதற்குப் பிறகு வருகிறேன். மெஷினின் கதை சுவாரஸ்யமானது. அதன் திரையில் நெட்வொர்க் செட்டிங்ஸைத் திறந்தால் ஐபி சரி, கேட்வே சரி, மாஸ்க் மட்டும் 255.255.0.0. யாரோ எப்போதோ கையால் போட்டது. அந்த மாஸ்க்கின்படி 192.168-இல் தொடங்கும் எல்லாமே தன் பக்கத்து வீடு என்று மெஷின் நினைக்கும். கடை கம்ப்யூட்டர் 192.168.1.20-க்குப் பதில் சொல்ல ரவுட்டரிடம் போகாமல், "192.168.1.20 யார்?" என்று தன் ஸ்விட்ச்சிலேயே ஆர்ப் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும். அங்கே யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அதே மெஷினிலிருந்து ஸ்கேன் செய்து ஈமெயில் அனுப்பினால் ஒழுங்காகப் போகிறது, ஏனென்றால் மெயில் சர்வர் 192.168-இல் இல்லை. இதனால்தான் "மெஷின்ல நெட் நல்லா வேலை செய்யுதுங்களே" என்று ஆபீஸ் பெண் அடித்துச் சொன்னார். அவர் சொன்னதும் உண்மைதான். மாஸ்க்கை 255.255.255.0 ஆக்கியதும் பிங் வந்தது.

குடோனில் இதற்கு நேர் எதிரான நோய். கேமரா ரெக்கார்டரில் மாஸ்க் சரி, கேட்வே கட்டம் காலி. அதுவரை கேட்வே தேவைப்படவில்லை, குடோனில் உள்ள டிவியில் மட்டும்தான் பார்த்தார்கள். குடோன் ரவுட்டருக்குள் நுழைந்து அங்கிருந்து ரெக்கார்டருக்கு பிங் போட்டால் போகிறது. அதைப் பார்த்து "குடோன் பக்கம் எல்லாம் சரி" என்று முடிவு கட்டிவிடுவது சுலபம். ரவுட்டரிலிருந்து போடும் பிங், வெளியேறும் போர்ட்டின் அட்ரஸையே அனுப்புநராகப் போட்டுக்கொள்ளும். ரெக்கார்டரும் அந்த போர்ட்டும் ஒரே சப்நெட், கேட்வே இல்லாமலேயே பதில் வந்துவிடும். அதே ரவுட்டரில் அனுப்புநர் அட்ரஸாக வேன் பக்க அட்ரஸைக் கொடுத்து பிங் போட்டால் உண்மை தெரிந்துவிடும். ஆகவே ரவுட்டரில் உட்கார்ந்து சோதிக்கும்போது அனுப்புநர் அட்ரஸைக் கட்டாயம் கையால் கொடுங்கள். கேமரா ரெக்கார்டர், விரல் ரேகை வருகைப் பதிவு மெஷின், எடைத் தராசு இணைக்கும் பெட்டி, இவையெல்லாம் ஒரே அறைக்குள் வேலை செய்தால் போதும் என்று யாரோ மாட்டிவிட்டுப் போனவையாக இருக்கும். இவற்றில் கேட்வே காலியாக இருப்பதே வழக்கம் என்று வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம்.

சரி, பிங் எல்லாம் வந்துவிட்டது. கடை கம்ப்யூட்டரில் ஜெராக்ஸ் மெஷினை ஐபி கொடுத்துச் சேர்த்தோம். டெஸ்ட் பேஜ் கொடுத்தோம். "ஏங்க, பிரிண்ட்டு போயிட்டே இருக்குதுங்க, வர மாட்டேங்குது" என்றார் பில் போடும் பையன். ஸ்பூலில் பிரிண்டிங் என்று நிற்கிறது, மாடியில் மெஷின் அசையவில்லை. மெஷினின் வெப் பக்கத்தை பிரவுசரில் திறந்தால் வெள்ளைத் திரை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிங் மட்டும் ஒன்றுகூடத் தவறாமல் வருகிறது. அதே நேரத்தில் மாடியிலிருந்து போன், டேலி திறக்கவில்லை. "நீங்க வர்றதுக்கு முன்னால நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு" என்றார் ஆடிட்டர். அதுவும் உண்மை.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் கேபிளை மாற்றுவார்கள், ஸ்விட்ச்சை அணைத்துப் போடுவார்கள், பிரிண்டர் டிரைவரை மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். எதிலும் பலன் இருக்காது. பாக்கெட் போகிற வழியையும் வருகிற வழியையும் தனித்தனியாக ஒரு தாளில் வரைந்தால்தான் விஷயம் தெரியும்.

கடை கம்ப்யூட்டர் 192.168.1.20. அதற்குத் தெரிந்த கேட்வே ஒன்றே ஒன்று, 192.168.1.1. மாடிக்குப் போக வேண்டிய பாக்கெட்டை அதனிடம் கொடுக்கிறது. கடை ரவுட்டர் தன் ஸ்டாட்டிக் ரூட்டைப் பார்த்து, வந்த பக்கமாகவே திருப்பி, 192.168.1.2-க்கு அனுப்புகிறது. அது மெஷினுக்கு. மெஷின் பதிலை மாடி ரவுட்டரிடம் கொடுக்கிறது. மாடி ரவுட்டருக்கு 192.168.1.20 தன் வேன் போர்ட்டிலேயே நேராக எட்டுகிற ஆள். அது எதற்குக் கடை ரவுட்டரைத் தொந்தரவு செய்ய வேண்டும்? நேராக கம்ப்யூட்டருக்கே கொடுத்துவிடுகிறது. போகும்போது மூன்று கை மாறுகிறது, வரும்போது இரண்டு. கடை ரவுட்டர் பேச்சின் ஒரு பாதியை மட்டும் கேட்கிறது.

வெறும் ரூட்டிங் செய்யும் பெட்டிக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால் இன்றைய ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு இணைப்பின் நிலையையும் நினைவில் வைத்துக்கொள்ளும் ஃபயர்வால் இருக்கிறது. பிரிண்ட், வெப் பக்கம், டேலி எல்லாம் போகும் டிசிபி (TCP) இணைப்பு மூன்று பாக்கெட்டில் தொடங்கும்: சின், அதற்குப் பதிலாக சின்-ஆக், அதற்குப் பதிலாக ஆக். கடை ரவுட்டர் சின்னைப் பார்த்தது. சின்-ஆக் அதன் வழியாக வரவே இல்லை. பிறகு கம்ப்யூட்டரிடமிருந்து ஆக் வருகிறது. நடுவில் ஒன்று காணவில்லையே, இது செல்லாத பாக்கெட் என்று தூக்கிப் போட்டுவிடுகிறது. அடுத்து வரும் பிரிண்ட் டேட்டாவுக்கும் அதே கதி. கம்ப்யூட்டரின் கணக்கில் இணைப்பு உருவாகிவிட்டது, ஏனென்றால் சின்-ஆக் அதற்கு நேராக வந்து சேர்ந்துவிட்டது. அதனால்தான் எரர் எதுவும் வராமல் பிரிண்டிங் என்றே நிற்கிறது. டெல்நெட்டில் 9100-ஐத் தொட்டுப் பார்த்தாலும் இணைந்துவிட்டது போலத்தான் காட்டும்.

பிங் ஏன் தப்பிக்கிறது? பிங்கில் மூன்றாவது பாக்கெட் என்று ஒன்று இல்லை. கேள்வி கடை ரவுட்டர் வழியாகப் போகிறது, ஒவ்வொரு கேள்வியையும் புதிது என்று அனுமதிக்கிறது. பதில் குறுக்கு வழியில் வந்துவிடுகிறது. அவ்வளவுதான். ஆனால் இதையே மாடியிலிருந்து கடை கம்ப்யூட்டருக்குப் போட்டுப் பாருங்கள், நிலைமை தலைகீழ். கேள்வி நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும், பதில் கடை ரவுட்டர் வழியாகப் போகப் பார்க்கும். கேள்வியே பார்க்காத ரவுட்டர் பதிலைச் செல்லாது என்று போட்டுவிடும். ஒரு பக்கம் பிங் வருகிறது, மறுபக்கம் இல்லை, டிசிபி எந்தப் பக்கமும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் போகிற வழியும் வருகிற வழியும் வேறு வேறு என்று பெரும்பாலும் அடித்துச் சொல்லலாம். விண்டோஸ் ஃபயர்வாலும் பிங்கை மறைக்கும் என்பதால், அதைச் சோதனை முடியும் வரை மட்டும் அணைத்து வைத்துவிட்டுப் பாருங்கள்.

ஊகத்தோடு நிறுத்தாமல், போகிற வருகிற பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைக் கடை கம்ப்யூட்டரில் ஓட்டினேன். இதற்கு வயர்ஷார்க்கில் பெரிய புலமை எதுவும் வேண்டாம், ஒவ்வொரு நெட்வொர்க் போர்ட்டுக்கும் உள்ள வன்பொருள் எண்ணான மேக் அட்ரஸைப் பார்த்தால் போதும். வெளியே போகும் சின் பாக்கெட்டில் பெறுநர் மேக் கடை ரவுட்டருடையது. உள்ளே வரும் சின்-ஆக் பாக்கெட்டில் அனுப்புநர் மேக் மைக்ரோடிக்குடையது. இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே கம்ப்யூட்டர் அதே டேட்டாவைத் திரும்பத் திரும்ப அனுப்புவதும், மெஷின் அதே சின்-ஆக்கைத் திரும்பத் திரும்ப அனுப்புவதும் கறுப்பு வரிகளாகத் தெரிந்தன. இரண்டு பேரும் மற்றவர் பதில் சொல்லவில்லை என்று நினைத்துக் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் மண்டையைக் குழப்பும் இன்னொரு சேட்டை உண்டு. வந்த பக்கமாகவே பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும் ரவுட்டர், "என்னிடம் வராதே, நேராக 192.168.1.2-இடம் போ" என்று கம்ப்யூட்டருக்கு ஒரு ஐசிஎம்பி ரீடைரக்ட் அனுப்பலாம். விண்டோஸ் அதைக் கேட்டுக்கொள்ளும், கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்திருக்கும். அந்த நேரத்தில் பிரிண்ட் அழகாக வரும். பிறகு மறந்துவிடும், மறுபடி நிற்கும். "காலையில வந்துச்சு, இப்ப வரல" என்ற புகார்களில் ஒரு பகுதி இந்த வகை. சில கம்ப்யூட்டர்கள் ரீடைரக்டை ஏற்காது, எனவே ஒரு கம்ப்யூட்டரில் வேலை செய்து பக்கத்துக் கம்ப்யூட்டரில் செய்யாது. ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறுகிற கோளாறு என்றதும் வைரஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அன்றைக்கே கடையை ஓட வைக்க வேண்டும். திங்கள் இரவும் செவ்வாயும் ஜவுளிச் சந்தை, அதற்குள் எதையும் பிரித்துப் போட முடியாது. எனவே தற்காலிகமாக, கடையின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களிலேயே ரூட்டை எழுதினேன். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ரூட் ஆட் கட்டளை, நெட்வொர்க் 192.168.20.0, மாஸ்க், கேட்வே 192.168.1.2. இதில் மைனஸ் பி (-p) என்ற துணுக்கைச் சேர்க்காவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் ரூட் காணாமல் போகும். கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் கோளாறு என்று வரும் புகாருக்கு இதுதான் காரணமாக இருக்கும். ரூட் எழுதியதும் கம்ப்யூட்டர் நேராக மாடி ரவுட்டரிடம் கொடுக்க, அது நேராகத் திருப்பிக் கொடுக்க, கடை ரவுட்டர் நடுவிலேயே வரவில்லை. பிரிண்ட் வந்தது.

கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் கையால் எழுதாமல், அட்ரஸ்களைத் தானாகக் கொடுக்கும் டிஎச்சிபி வழியாகவே ரூட்டைப் பரப்பலாமே என்று கேட்பீர்கள். டிஎச்சிபியின் ஆப்ஷன் 121 அதற்காகத்தான் 2002-இல் வந்தது. ஆனால் நெட்காரர் பெட்டியில் அதைப் போட இடமில்லை. போட இடம் இருக்கும் ரவுட்டரிலும் ஒரு பொறி இருக்கிறது: ஆப்ஷன் 121 வந்துவிட்டால் கம்ப்யூட்டர் வழக்கமான டீஃபால்ட் கேட்வேயைக் கண்டுகொள்ளக் கூடாது என்பது விதி. டீஃபால்ட் ரூட்டையும் அதற்குள்ளேயே சேர்த்து அனுப்பாவிட்டால் உள்ளூர் ரூட் சரியாகி இன்டர்நெட் போய்விடும். ஆண்ட்ராய்டு போன்கள் அந்த ஆப்ஷனையே பார்ப்பதில்லை. 2024-இல் இதே ஆப்ஷனை வைத்து விபிஎன் போக்குவரத்தைத் திசைதிருப்ப முடியும் என்று ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். அப்போது ஆண்ட்ராய்டு மட்டும் தப்பியது இந்தப் பாராமுகத்தால்தான்.

மாடி ஆட்களின் டேலி இன்னும் திறக்கவில்லை. வழி சரியாகிவிட்டது, ஆனால் கடை கம்ப்யூட்டரின் விண்டோஸ் ஃபயர்வால் குறுக்கே நின்றது. ஃபைல் ஷேரிங்குக்கான 445 போர்ட் விதியும், பிங்குக்கான விதியும், பிரைவேட் நெட்வொர்க்கில் லோக்கல் சப்நெட்டுக்கு மட்டும் என்றுதான் இயல்பாக இருக்கும். நாட் இருந்த காலத்தில் மாடி ஆட்கள் 192.168.1.2 என்ற முகமூடியோடு வந்ததால் உள்ளூர் ஆட்கள் என்று உள்ளே விட்டது. இப்போது 192.168.20.15 என்ற சொந்த முகத்தோடு வந்ததும் வெளியாள் ஆகிவிட்டார்கள். அந்த விதிகளின் ஸ்கோப் பகுதியில் 192.168.20.0/24-ஐச் சேர்த்ததும் டேலி திறந்தது. ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிடுவது சுலபம், நிறையப் பேர் செய்கிறார்கள், மறுபடி போட மறந்தும் விடுகிறார்கள்.

சந்தை முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் கடை மூடியதும் நிலையான ஏற்பாட்டைச் செய்தோம். மைக்ரோடிக்கைக் கீழே கொண்டுவந்து, நெட்காரர் பெட்டிக்கு அடுத்ததாக வைத்தோம். பெட்டி அதன் 192.168.1-இலேயே இருக்கட்டும், அதை ஒட்டி மைக்ரோடிக் மட்டும். மைக்ரோடிக்கின் ஒரு போர்ட் கடைக்கு, புதிதாக 192.168.10.0/24. இன்னொன்று மாடிக்கு. மாடியில் இனி ரவுட்டர் இல்லை, வெறும் ஸ்விட்ச்சும் வைஃபையும்தான். இந்த இரண்டும் ஒரே பெட்டியில் நேராகத் தொங்குவதால் இவற்றுக்கிடையே ஸ்டாட்டிக் ரூட்டே வேண்டாம். போவதும் வருவதும் ஒரே ஆள் வழியாக. கடை கம்ப்யூட்டர்களில் எழுதிய தற்காலிக ரூட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தோம். இதைச் செய்யாவிட்டால் அடுத்த வருடம் யாரோ ஒருவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். நாட் இன்டர்நெட் பக்கம் போகும் போர்ட்டில் மட்டும். நெட்காரர் பெட்டியிலும் ஒரு முறை நாட் நடக்கும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

குடோனுக்கு மட்டும் ஸ்டாட்டிக் ரூட் மிஞ்சியது, ரேடியோவுக்கு அந்தப் பக்கம் ஒரு ரவுட்டர் இருக்கிறதே. பழையதில் நாட்டை அணைக்க முடியாததால் அங்கேயும் ஒரு சின்ன மைக்ரோடிக். ரேடியோ இணைப்புக்கென்று தனியாக 10.10.10.0/30. அதில் அட்ரஸ் இரண்டே இரண்டுதான் உபயோகப்படும்: 10.10.10.1 கடையில், 10.10.10.2 குடோனில். அந்தச் சந்தில் வேறு எந்தக் கம்ப்யூட்டரும் இல்லை என்பதுதான் இதன் பலம். குறுக்கு வழியில் பதில் சொல்ல அங்கே ஆளே கிடையாது. கடைப் பக்கம் ஒரு வரி: 192.168.30.0/24 போக 10.10.10.2. குடோன் பக்கம் ஒரு வரி: எல்லாவற்றுக்கும் 10.10.10.1. போகிற பஸ்ஸை மட்டும் விசாரித்துவிட்டு வெளியூர் கிளம்பி, ராத்திரி அங்கே மாட்டிக்கொள்வது போலத்தான், ஒரு பக்கம் மட்டும் ரூட் எழுதுவது.

எழுதும்போது சோம்பல்பட்டு 192.168.0.0/16 என்று மொத்தமாக எழுதிவிட வேண்டாம். வேறொரு இடத்தில் அப்படிப் பார்த்திருக்கிறேன். நேராக இணைந்த சப்நெட்டுகள் தப்பித்துவிடும், ஏனென்றால் நீளமாகப் பொருந்துகிற ரூட்டுக்குத்தான் முதல் மரியாதை, /24 இருந்தால் /16 ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் இல்லாத ஒரு அட்ரஸுக்கு, சொல்லப்போனால் 192.168.77.5-க்கு, யாராவது பாக்கெட் அனுப்பினால் கடை ரவுட்டர் குடோனுக்குத் தள்ளும், குடோன் தன் டீஃபால்ட் வழியாகக் கடைக்கே திருப்பித் தள்ளும். ட்ரேஸ்ரூட்டில் குடோன் ரவுட்டர், அப்புறம் கடை ரவுட்டர், மறுபடி குடோன் ரவுட்டர் என்று மாறி மாறி வந்தால் இதுதான். பாக்கெட் எத்தனை கை மாறலாம் என்ற டிடிஎல் எண்ணிக்கை தீரும் வரை, அதாவது விண்டோஸ் அனுப்பியதென்றால் 128 முறை கை மாறும் வரை, அந்த ஒரு பாக்கெட் பந்தாடப்படும். ரேடியோ இணைப்பு காரணமில்லாமல் மெதுவாக இருக்கிறதென்றால் இதையும் ஒரு முறை பாருங்கள்.

வழி திறந்த பிறகு எதை அடைப்பது என்று ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசினேன். அவரிடம் கடைக்காரருடையது மட்டுமல்ல, பல பேருடைய கணக்கு இருக்கிறது. கடை வைஃபையில் வருகிறவர் போகிறவர் எல்லாம் இருப்பார்கள். நாட் இருந்தபோது அதுவே ஒரு கதவு மாதிரி இருந்தது, நாம் அதைக் கழற்றிவிட்டோம். எனவே கடையிலிருந்து மாடிக்கு ஜெராக்ஸ் மெஷினின் 9100 போர்ட் மட்டும், மாடியிலிருந்து கடைக்கு டேலி கம்ப்யூட்டரின் 445 மட்டும், கடையிலிருந்து குடோனுக்கு முழுவதும், குடோனிலிருந்து மாடிக்கு எதுவும் இல்லை. ஏற்கெனவே உருவான இணைப்புகளின் பதில்களை அனுமதிக்கும் விதி எல்லாவற்றுக்கும் மேலே. இவற்றை எழுதியது எல்லா ரூட்டும் சோதித்து முடித்த பிறகுதான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் எது தடுக்கிறது என்றே தெரியாது.

கடைசியாக ஒரு புகார் மிஞ்சியது. முதலாளியின் புது லேப்டாப்பில் பிரிண்டரைச் சேர்க்கப் போனால் ஜெராக்ஸ் மெஷின் பட்டியலில் தானாக வரவில்லை, கேமரா ஆப்பும் ரெக்கார்டரைக் கண்டுபிடிக்கவில்லை. இதற்கும் ரூட்டுக்கும் சம்பந்தமில்லை. தானாகத் தேடுவதெல்லாம் பிராட்காஸ்ட்டும் மல்டிகாஸ்ட்டும், அதாவது ஒரே நேரத்தில் பலருக்கும் கேட்கக் கூவுவது. பிரிண்டர் தேடல் கூவும் 224.0.0.251 என்ற அட்ரஸ் ரவுட்டரைத் தாண்டாத வகை. ஒரு சப்நெட்டுக்குள் கூவினால் அடுத்த சப்நெட்டுக்குக் கேட்காது. ஐபி கொடுத்துச் சேர்த்தால் வேலை முடிந்தது, அதற்காக மெஷினுக்கும் ரெக்கார்டருக்கும் அட்ரஸ் மாறாமல் நிலையாகப் போட்டிருந்தோம். "ஃபோன்ல தேடினா வர மாட்டேங்குதே" என்று முதலாளி இன்னும் எப்போதாவது கேட்பார். நம்பரை யுபிஎஸ் மேல் ஒட்டியிருக்கிறேன் என்பேன், போய்ப் பார்த்துப் போட்டுக்கொள்வார்.